காய்ச்சல் போன பிறகு வந்த காய்ச்சல்

2020 மார்ச், ஏப்ரல் மாதங்களில் கொவிட் பற்றி வந்த செய்திகளுக்குள் பெற்றோருக்கு ஆறுதல் தந்த செய்தி ஒண்டே ஒண்டுதான். இந்த வைரஸ் வயது போன ஆக்களைத்தான் கொல்லுது, சின்னப் பிள்ளைகளுக்குத் தடிமன் காய்ச்சலோட போயிடும் எண்டதுதான் அது. பெரும்பாலும் உண்மையும்தான். ஆனால் அந்த ஏப்ரலின் நடுப்பகுதியில், லண்டனுக்கும் தென்கிழக்கு இங்கிலாந்துக்குமான சிறுவர் தீவிர சிகிச்சைச் சேவை ஒன்றுக்குப் பத்தே நாளில் எட்டுப் பிள்ளைகள் வந்து சேர்ந்தார்கள். விடாத காய்ச்சல், வயிற்றுவலி, வயிற்றோட்டம், சிவந்த கண், தோலில் தடிப்பு, இறங்கிக்கொண்டே போகும் குருதியமுக்கம். மூக்கிலும் சுவாசப் பாதையிலும் எடுத்துச் சோதித்தால் கொரோனா வைரஸ் இல்லை. அதற்கு முன் சுகதேகிகளாய் ஓடித்திரிந்த பிள்ளைகள். அவர்களில் 14 வயதுப் பையன் ஒருவன் இறந்துபோனான்.

அதே நாட்களில் இத்தாலியின் பேர்கமோவில் வைத்தியர்கள் ஒரு கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதல் அலையில் அந்த நகரம் பட்ட பாடு ஞாபகம் இருக்கும்; இராணுவ லொறிகளில் சவப்பெட்டிகள் போன படங்களைக் கனபேர் பார்த்திருப்பீர்கள். அங்குள்ள சிறுவர் வைத்தியர்கள் பழைய கோப்புகளைப் புரட்டினார்கள். முந்திய ஐந்து வருடங்களில் அவர்களிடம் கவாசாகி நோயோடு வந்த பிள்ளைகள் 19 பேர். 2020 பெப்ரவரி 18 முதல் ஏப்ரல் 20 வரையான இரண்டே மாதத்தில் அதே மாதிரியான அறிகுறிகளோடு 10 பேர். அந்தப் பத்தில் எட்டுப் பேரின் குருதியில் கொரோனாவுக்கு எதிரான பிறபொருளெதிரிகள் இருந்தன. அதாவது வைரஸ் வந்து போயிருக்கிறது, பிள்ளையின் உடம்பு அதை வென்றிருக்கிறது, அதற்குப் பிறகுதான் வருத்தம் தொடங்கியிருக்கிறது.

மே நடுப்பகுதிக்குள் உலக சுகாதார நிறுவனம் இந்த நோய்க்கு ஒரு வரையறையே கொடுத்துவிட்டது. பல்லுறுப்பு அழற்சி நோய்க்குறித்தொகுதி எண்டு பெயர், சுருக்கமாய் மிஸ்-சி. ஒரு புது நோயை இவ்வளவு கெதியாய் எப்படிக் கண்டுபிடிக்க முடிந்தது? அறுபது வருடத்துக்கு முன் யப்பானில் ஒரு வைத்தியர் தனக்கு விளங்காத ஒன்றை விளங்காதது எண்டே எழுதி வைத்ததுதான் முக்கிய காரணம் எண்டு நான் நினைக்கிறன்.

டொமிசாகு கவாசாகி 1925இல் டோக்கியோவில் பிறந்தவர். செஞ்சிலுவைச் சங்க வைத்தியசாலையில் சிறுவர் வைத்தியராக இருந்தபோது, 1961 ஜனவரியில் நாலு வயதுப் பையன் ஒருவனைக் கொண்டுவந்தார்கள். கண் இரண்டும் சிவப்பு, உதடு வெடித்து, நாக்கு ஸ்ட்ரோபெரிப் பழம் போல. கழுத்தில் நிணநீர்க்கணு வீங்கி, உடம்பெல்லாம் தடிப்பு. பிறகு விரல் நுனிகளில் தோல் உரிந்தது. செங்காய்ச்சல் எண்டு சொல்லலாம், ஆனால் சரியாய்ப் பொருந்தவில்லை. அன்ரிபயோட்டிக் கேட்கவும் இல்லை. பையன் தானாகவே சுகமாகி வீட்டுக்குப் போனான். கோப்பில் கவாசாகி எழுதியது, நோய் நிர்ணயம் தெரியாது எண்டுதான்.

ஒரு வைத்தியர் இப்படி எழுதுவது சின்ன விசயமில்லை. பொருந்தாத நோயைப் பொருந்துகிற ஒரு பெயருக்குள் தள்ளிவிடுவது மிச்சம் சுலபம். அடுத்த வருடம் இரண்டாவது பிள்ளை வந்தபோது அவருக்குப் பழைய பையன் ஞாபகத்துக்கு வந்தான். 1962இலேயே ஏழு பிள்ளைகளைப் பற்றி ஒரு கூட்டத்தில் பேசினார். பெரிதாய் ஆரும் காது கொடுக்கவில்லை. 1967இல் ஐம்பது பிள்ளைகளின் விபரத்தோடு யப்பானிய மொழியில் நீண்ட கட்டுரை ஒன்றை வெளியிட்டார். காரணம் இன்னது எண்டு அதில் இல்லை. எந்த நாளில் கண் சிவந்தது, எப்போது தோல் உரிந்தது என்பதுதான் இருந்தது. அது ஆங்கிலத்தில் வர 1974 ஆனது. ஹவாயில் மரியன் மெலிஷும் ரகெல் ஹிக்ஸும் இதே நோயைத் தாங்களாகவே கண்டுகொண்டதும் அந்தக் காலத்தில்தான்.

இந்த நோய் தானாக மாறிவிடும், பின்விளைவு ஒன்றும் இல்லை என்பதுதான் ஆரம்பத்தில் கவாசாகியின் நிலைப்பாடு. நொபொரு தனாக்கா என்ற நோயியலாளர் அதை ஏற்கவில்லை. இந்த நோய் வந்து இறந்த பிள்ளை ஒன்றின் உடலை வெட்டிப் பார்த்து, இதயத்துக்குக் குருதி கொடுக்கும் முடியுரு நாடியில் குருதி உறைந்து அடைத்திருந்ததைக் கண்டவர் அவர். 1970இல் யப்பான் முழுக்கக் கணக்கெடுத்தபோது அவர் சொன்னதுதான் சரியாய் வந்தது. காய்ச்சல் மாறின பிறகு திடீரென இறந்த பத்துப் பிள்ளைகளின் பிரேத பரிசோதனைகளில் முடியுரு நாடி பலூன் மாதிரி ஊதி, உள்ளே குருதி உறைந்திருந்தது. லண்டனில் சாமுவேல் ஜீ என்ற வைத்தியர் ஏழு வயதுப் பையன் ஒருவனில் இப்படி ஊதிய நாடிகளைக் கண்டு 1871இலேயே எழுதியிருக்கிறார். நூறு வருடமாய் நோயியலாளர்கள் பார்த்தது முடிவை, கவாசாகி பார்த்தது தொடக்கத்தை. இரண்டும் ஒன்று எண்டு விளங்க அவ்வளவு காலம் எடுத்திருக்கிறது.

சிகிச்சையும் யப்பானிலிருந்துதான் வந்தது. ஆயிரக்கணக்கான ஆட்கள் தானம் செய்த குருதியிலிருந்து பிறபொருளெதிரிகளைப் பிரித்து நாளத்துக்குள் ஏற்றும் முறையை 1984இல் கென்ஷி புருஷோ வெளியிட்டார். இரண்டு வருடத்தில் அமெரிக்காவில் ஜேன் நியூபேர்கரின் ஆய்வு அதை உறுதி செய்தது. சிகிச்சை இல்லாவிட்டால் நாலில் ஒரு பிள்ளைக்கு நாடி பழுதாகும். நேரத்துக்குக் கொடுத்தால் அது நூற்றுக்கு நாலைந்தாகக் குறையும். ஏன் வேலை செய்கிறது எண்டு முழுதாய் விளங்காமலே கொடுக்கிற மருந்து அது. 2020இல் லண்டனிலும் பேர்கமோவிலும் முதலில் கையில் எடுத்ததும் இதைத்தான், ஸ்டெரொயிட்டோடு சேர்த்து.

அப்ப மிஸ்-சியும் கவாசாகியும் ஒண்டுதானோ? முதலில் அப்பிடித்தான் தெரிந்தது. ஆனால் கவாசாகி பெரும்பாலும் ஐந்து வயதுக்குக் கீழே வருவது. மிஸ்-சி எட்டு ஒன்பது வயதுப் பிள்ளைகளைப் பிடித்தது. வயிறு கூட அடிபட்டது, இதயத் தசை கூடப் பலவீனமானது. எல்லாவற்றையும் விட, கவாசாகி உலகத்திலேயே அதிகமாக வரும் யப்பானில் மிஸ்-சி மிகக் குறைவு. ஸ்வீடனின் கரோலின்ஸ்கா நிறுவனமும் ரோமின் சிறுவர் வைத்தியசாலை ஒன்றும் சேர்ந்து குருதியை ஒப்பிட்டபோது, அழற்சியைத் தூண்டும் இரசாயனங்களின் கலவையே இரண்டிலும் வேறாக இருந்தது.

கிருமி போன பிறகு உடம்பின் நிர்ப்பீடனம் தன் உடம்பையே தாக்குவது எங்கட ஆக்களுக்குப் புதுக்கதை இல்லை. தொண்டை நோவுக்குப் பிறகு மூட்டு வீங்கி, இதய வால்வு பழுதாகி, வருடக்கணக்காய்க் கிரமமாகப் பெனிசிலின் ஊசி போட்டவர்கள் ஊரில் இருக்கிறார்கள். அது பக்றீரியா, இது வைரஸ், ஆனால் பிந்தி வரும் அடி ஒரே மாதிரி. மிஸ்-சி தொற்றுக்கு இரண்டு முதல் ஆறு கிழமை கழித்து வந்தது. 2021இல் டெல்டா அலைக்குப் பின் கொழும்பு லேடி றிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலையிலும் பிள்ளைகள் இதனால் அனுமதிக்கப்பட்டார்கள். கொவிட் வந்ததே தெரியாத பிள்ளைக்கு ஒரு மாதம் கழித்துக் காய்ச்சல் வந்தால், பனடோல் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிற வீட்டில் ஆருக்கு இந்த யோசனை வரும்?

லண்டனின் அந்த எட்டுப் பேரில் ஆறு பேர் ஆபிரிக்க-கரீபிய வம்சாவளிப் பிள்ளைகள். அமெரிக்காவிலும் கறுப்பின, லத்தீன் பிள்ளைகள்தான் கூட. உடனே பரம்பரையலகு பற்றிய பேச்சுத் தொடங்கியது. எனக்கு அந்த அவசரம் பிடிக்கவில்லை. வீட்டிலிருந்து வேலை செய்ய முடியாத பஸ் சாரதியினதும் துப்புரவுத் தொழிலாளியினதும் வீடுகளுக்குத்தான் வைரஸ் முதலில் போனது. தொற்று எங்கே கூடவோ அங்கேதான் பின்வரும் நோயும் கூட வரும்.

பரம்பரையலகுக்குப் பங்கே இல்லை என்றும் சொல்ல முடியாது. ஒரு சர்வதேசக் குழு மிஸ்-சி வந்த 558 பிள்ளைகளைப் பார்த்ததில், வைரசைக் கண்டதும் கிளம்பும் அழற்சியை அடக்கும் பரம்பரையலகுகளில் பழுதிருந்தவர்கள் ஐந்து பேர். பிரான்சில், நோயாளிகள் பெரும்பாலானோரில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த ரி கலங்கள் அளவுக்கு மீறிப் பெருகியிருந்ததைக் கண்டார்கள். 2024இல் வந்த அமெரிக்க ஆய்வு இன்னும் சுவாரசியமானது. கொரோனா வைரசின் ஒரு புரதத்தின் சிறு துண்டு, எங்கட உடம்பிலேயே உள்ள எஸ்.என்.எக்ஸ்.8 என்ற புரதத்தின் துண்டைப் போலவே இருக்கிறது. நோயாளிகளில் மூன்றிலொரு பங்கினரின் பிறபொருளெதிரிகள் இந்தப் புரதத்தையும் எதிரி எண்டு எடுத்துவிட்டன. 2025இல் பேர்லினிலிருந்து வேறொரு விளக்கம் வந்தது: உடம்பில் முன்பே உறங்கிக்கிடந்த எப்ஸ்டைன்-பார் என்ற இன்னொரு வைரஸ், காவல் தளர்ந்த நேரத்தில் எழும்பி வருகிறது. இவற்றில் ஒன்றுதான் சரி எண்டு இல்லை, ஒரே பெயருக்குள் இரண்டு மூன்று பாதைகள் இருக்கலாம்.

கவாசாகி நோயின் காரணமோ இன்னும் பிடிபடவில்லை. 1979, 1982, 1986 ஆகிய ஆண்டுகளில் அது யப்பானில் அலையாகப் பரவியதால் ஏதோ ஒரு தொற்றுத்தான் தொடக்கி வைக்கிறது எண்டு பலர் நம்புகிறார்கள். 2020இல் பாடசாலைகள் பூட்டி, எல்லோரும் மாஸ்க் போட்டுத் திரிந்த காலத்தில் யப்பானில் கவாசாகி நோயாளிகளின் தொகை நன்றாகவே குறைந்தது. அந்த வருடம் ஜூன் 5ஆம் திகதி, 95 வயதில் டொமிசாகு கவாசாகி காலமானார்.