72 மணி நேர மாத்திரை

சிவப்பு முக்கோணமும் நிரோத்தும் நம் வயதுக்காரர்களுக்குத் தெரியும். அவற்றுக்குப் பின்னால் வந்த அவசர கருத்தடை மாத்திரையைப் பற்றி நம் பக்கத்தில் இன்னும் ரகசியமாகத்தான் பேசுகிறார்கள். மரக்காணம் வட்டாரத்தில் கிராம சுகாதார செவிலியராக இருந்தவள் என்பதால் எழுதுகிறேன்.

தனி மாத்திரை வருமுன்பே முறை இருந்தது. கனடா நாட்டு டாக்டர் யூஸ்பே 1970களில் சொன்னது. சாதாரண கருத்தடை மாத்திரையையே கூடுதலாகக் கொடுப்பது. மாலா-என் என்றால் 4, 12 மணி நேரம் கழித்து மறுபடி 4. வாந்தி படுத்தி எடுத்துவிடும். லெவோநார்ஜெஸ்ட்ரல் மட்டும் கொடுத்தால் வாந்தி குறைவு, பலன் கூடுதல் என்று 1998-ல் உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு காட்டியது. 2002-03-ல் அது நம் தேசியக் குடும்பநலத் திட்டத்தில் சேர்ந்தது. 2005 முதல் டாக்டர் சீட்டு இல்லாமலே வாங்கலாம்.

எங்களுக்குப் பயிற்சி வைத்தார்கள். மாத்திரையின் அளவைச் சொல்லித்தர அரை மணி நேரம் போதும். மீதி நேரமெல்லாம் ஒரே கேள்வி: இது கலைப்பு மாத்திரையா? இல்லை. கருமுட்டை வெளிவருவதைத் தள்ளிப்போடுகிறது, அவ்வளவுதான். கரு தங்கிவிட்டால் இது அதைக் கலைக்காது. அங்கே படம் போட்டு விளக்கினார்கள். எக்கியார்குப்பத்தில் படம் எடுபடவில்லை. "அக்கா, அது கலைக்கிற மாத்திரைதானே?" என்றவர்களுக்கு உப்பளத்தைக் காட்டினேன். பாத்திக்குத் தண்ணீர் பாயுமுன் மடையை அடைக்கிற வேலை இது. உப்பு பூத்தபிறகு மடையை அடைத்து என்ன பயன்? உடனே புரிந்துகொண்டார்கள். 72 மணி நேரத்துக்குள், அதிலும் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது என்பதையும் அதை வைத்தே சொல்ல முடிந்தது.

அந்தப் பயிற்சியில் மருந்துக்கடைக்காரர் ஒருவரும் இல்லை, அங்கன்வாடி ஊழியரும் இல்லை. எனக்கு அது அப்போதே உறுத்தியது. 2006 வாக்கில் விளம்பரங்களுக்கு எதிர்ப்பு கிளம்பியபின் தமிழ்நாட்டுக் கடைகள் பலவற்றில் இந்த மாத்திரை வைப்பதையே விட்டுவிட்டார்கள். சட்டத்தில் தடை இல்லை. கேட்டால் "இல்லை" என்பார்கள், கேட்டவளை ஒரு மாதிரி பார்ப்பார்கள். அப்படி இரண்டு கடை ஏறி இறங்கிய ஒரு பெண் என்னிடம் வந்தபோது இரண்டாம் நாள் சாயங்காலம். மூன்று பிள்ளைக்காரி, புருஷன் கடலுக்குப் போயிருந்தார். துணை சுகாதார நிலையத்தில் மாத்திரை இருந்தது, கொடுத்தேன். இல்லாதிருந்தால் எந்த மருத்துவச்சியிடம் போயிருப்பாளோ.

பலாத்காரத்துக்கு ஆளான பெண்களுக்கு இதைத் தர வேண்டும் என்று 2014-ல் மத்திய சுகாதார அமைச்சகம் வழிகாட்டுதலே வெளியிட்டது. அப்படிப்பட்ட பெண் முதலில் போய் நிற்பது ஆஸ்பத்திரியாக இருக்காது. அங்கன்வாடி வாசலாக இருக்கலாம், போலீஸ் ஸ்டேஷனாக இருக்கலாம். மணிக்கணக்கு அங்கேயே ஓடத் தொடங்கிவிடுகிறது.