மயில் அட்டையும் பழுப்புக் காகிதமும்

1859ஆம் ஆண்டு லண்டனில் பெர்னார்ட் குவாரிச் என்ற புத்தக வணிகர் ஒரு சிறு நூலை வெளியிட்டார். பழுப்புக் காகித மேலுறை. 250 பிரதிகள். மொழிபெயர்த்தவரின் பெயர் நூலில் எங்கும் இல்லை. உமர் கய்யாமின் பாரசீக ருபாயத்தை ஆங்கிலமாக்கிய எட்வர்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட் தம் செலவிலேயே அச்சிட்ட நூல் அது. அதற்கான மூலச்சுவடியைத் தேடித் தந்தவர் அவருடைய நண்பர் கோவெல். ஆக்ஸ்போர்டு போட்லியன் நூலகத்தில் ஒரு பிரதியைக் கண்டெடுத்த அவர், கல்கத்தாவுக்குப் பணியேற்று வந்தபின் அங்கிருந்த ஆசியக் கழகத்து ஏட்டையும் படியெடுத்து அனுப்பினார். இத்தனை உழைப்பில் பிறந்த நூலை வாங்க ஆள் இல்லை. விற்காத பிரதிகள் கடைவாசலில் கழிவுவிலைப் பெட்டிக்கு வந்து சேர்ந்தன.

1861இல் விட்லி ஸ்டோக்ஸ் என்ற அயர்லாந்து வழக்கறிஞர், கெல்திய மொழிகளில் பெரும்புலமை பெற்றவர், அந்தப் பெட்டியிலிருந்து சில பிரதிகளை எடுத்து ஒன்றை ஓவியக் கவிஞர் ரோசெட்டிக்குக் கொடுத்தார். ரோசெட்டியும் ஸ்வின்பர்னும் கடைக்கு விரைந்தார்கள். முதல்நாள் ஒரு பென்னிக்குக் கிடைத்தது மறுநாள் இரண்டு பென்னி ஆகியிருந்தது என்றும், ரோசெட்டி கடைக்காரரிடம் பொய்க்கோபம் காட்டினார் என்றும் ஸ்வின்பர்ன் முதுமையில் ஒரு கடிதத்தில் எழுதினார். ருபாயத்தின் உலகப் புகழ் இந்தப் பெட்டியிலிருந்துதான் தொடங்குகிறது.

நம் வாசகர் பலரும் அறியாத ஒரு செய்தியை இங்கே சேர்க்க வேண்டும். அந்த ஸ்டோக்ஸ் 1862இல் சென்னைக்கு வந்தார். அதே ஆண்டு சென்னையில் ருபாயத்தின் தனிப்பதிப்பு ஒன்று அச்சாயிற்று. லண்டன் பதிப்பின் மறுஅச்சோடு, பிரெஞ்சு அறிஞர் கார்சன் தெ தாசியின் குறிப்பும் கூடுதலாகச் சில பாடல்களும் அதில் இருந்தன. அச்சிடப்பட்டவை 50 பிரதிகளே என்பர். ஸ்டோக்ஸின் கைவேலை என்றே நூலடைவாளர் கருதுகின்றனர். கவிமணியின் தமிழ் வழியாக உமரை அறிந்த நமக்கு, அந்த ஆங்கில நூலின் இரண்டாவது பிறப்பிடம் நம் சென்னை என்பது சற்றே பெருமை தரும் செய்தி.

அரிய நூல்களைச் சேர்ப்போர் இருவகை. ஒருவர் மேனியழகுக்காகச் சேர்ப்பவர். தோல், பொன், வேலைப்பாடு என்று தேடுபவர். மற்றவர் கைத்தடத்திற்காகச் சேர்ப்பவர். ஆசிரியர் இன்னாருக்கு என்று எழுதிக் கையொப்பமிட்ட பிரதி, ஒருவர் படித்து ஓரத்தில் குறித்த பிரதி, இவை அவருக்குப் பொக்கிஷம். ஒரே மனிதரிடம் இரண்டு ஆசையும் இருப்பதுண்டு. பதினாறாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கருவூல அலுவலர் ஜான் க்ரோலியே அப்படிப்பட்டவர். தம் நூல்களுக்கு அழகிய தோற்கட்டு அமைத்து, 'க்ரோலியேவுக்கும் அவர் நண்பர்களுக்கும்' என்ற பொருள்படும் இலத்தீன் தொடரை அட்டையிலேயே பொறித்து வைத்தார். ஆனால் க்ரோலியேக்கள் அரியர். பெரும்பாலும் முதல் ஆசை இரண்டாவதைத் தின்றுவிடுகிறது என்பதே நம் கருத்து. அதற்கு ருபாயத்தைவிடத் தக்க சான்று இல்லை.

1901இல் லண்டனில் பிரான்சிஸ் சாங்கோர்ஸ்கி, ஜார்ஜ் சட்கிளிஃப் என்ற இரு இளைஞர்கள் புத்தகக் கட்டடப் பட்டறை ஒன்றைத் தொடங்கினர். புத்தகம் கட்டுவதைக் கட்டடம் என்றே நம் அச்சகத்தாரும் சொல்வார்கள்; நல்ல சொல். தோலில் மணிகளைப் பதிப்பதில் சாங்கோர்ஸ்கிக்கு இணையில்லை. சாதரன் புத்தக நிறுவனத்தின் ஸ்டோன்ஹவுஸ், உலகம் கண்டிராத ஒரு ருபாயத்தைக் கட்டித் தரும்படி அவரிடம் கேட்டார். செலவுக்கு வரம்பில்லை. அமெரிக்க ஓவியர் எலிஹு வெட்டரின் படங்களோடு 1884இல் வந்த பெரிய அளவுப் பதிப்பு எடுத்துக்கொள்ளப்பட்டது. வேலை ஏறத்தாழ இரண்டாண்டு நடந்து 1911இல் முடிந்தது.

முன்னட்டையில் தோகை விரித்த மூன்று மயில்கள். அதன் உட்புறத்தில் பாம்பு. பின்னட்டையின் உட்புறத்தில் ஒரு மண்டையோடு. அதன் கண்குழியிலிருந்து கசகசாப் பூ முளைத்தெழுகிறது. மாணிக்கம், புட்பராகம், மரகதம், செவ்வந்திக்கல் என ஆயிரத்துக்கு மேற்பட்ட கற்கள் பொன்னில் பதிக்கப்பட்டன. வெவ்வேறு நிறத் தோல்துண்டுகள் மட்டும் ஏறக்குறைய 5,000. 'மகா உமர்' என்றே அதற்குப் பெயர் வழங்கிற்று.

விலை 1,000 பவுன் என்றனர். நியூயார்க்குக்கு அனுப்பியபோது சுங்கவரித் தகராறு எழுந்து, நூல் லண்டனுக்கே திரும்பியது. 1912 மார்ச் 29 அன்று சாதபி ஏலத்தில் 405 பவுனுக்கு விழுந்தது. அதாவது கேட்ட விலையில் பாதிகூட இல்லை. வாங்கியவர் நியூயார்க் வணிகர் கேப்ரியல் வெல்ஸ். மீண்டும் கடல் கடக்க வேண்டியிருந்தது. ஏற்றிய கப்பல் டைட்டானிக். ஏப்ரல் 15ஆம் நாள் விடியுமுன் மயில்கள் அட்லாண்டிக்கின் அடியில் இருந்தன. பதினொரு வாரம் கழித்து, ஜூலை 1 அன்று, செல்சி கடற்கரையில் தத்தளித்த ஒரு பெண்ணைக் காப்பாற்ற நீரில் இறங்கிய சாங்கோர்ஸ்கியும் மூழ்கி இறந்தார். மயில் சின்னம் ஆகாது என்று அன்றும் பேசினர், இன்றும் எழுதுகின்றனர். முருகன் ஊர்தியைக் கும்பிடும் நம்மால் இதை ஏற்க முடியவில்லை. நம்மை உறுத்துவது வேறொன்று. இவ்வளவு எழுதுவோரில் அந்தப் பிரதியைப் படித்தவர் பற்றி ஒரு சொல் எழுதியவர் இல்லை. படிப்பதற்கென அது செய்யப்படவேயில்லை.

அதே கப்பலில் இரண்டாவது வகைச் சேகரிப்பாளர் ஒருவர் பயணம் செய்தார். பிலடெல்பியாச் செல்வக் குடும்பத்து ஹாரி எல்கின்ஸ் வைட்னர், வயது 27. ஆசிரியர் கைபட்ட பிரதிகள், ஒருவர் மற்றவருக்கு எழுதி வழங்கிய பிரதிகள் என்றால் அவருக்குத் தனிப் பித்து. ஸ்டீவன்சன் மீது சிறப்பாக. லண்டனில் பேகனின் கட்டுரைகள் 1598ஆம் ஆண்டுப் பதிப்பை வாங்கினார். விற்றது யார் தெரியுமா? ருபாயத்தைப் பென்னிப் பெட்டியில் போட்ட அதே குவாரிச் நிறுவனம். அச்சிறு நூலைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே கப்பலேறுவதாக அவர் சொன்னாராம். தாய் பிழைத்தார், தந்தையும் மகனும் பிழைக்கவில்லை. மகன் நினைவாகத் தாய் எலினார் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்கு எழுப்பிக் கொடுத்த வைட்னர் நூலகம் 1915இல் திறக்கப்பட்டது. அவர் சேர்த்த ஏறத்தாழ 3,300 நூல்கள் அதற்குள் தனி அறையில் உள்ளன. அவை ஆய்வாளர் கைக்கு இன்றும் பயன்படுகின்றன.

கைத்தடம் என்றால் கையொப்பம் மட்டும் என்று எண்ணிவிடலாகாது. கார்ல் மார்க்ஸ் தம் 'மூலதனம்' நூலின் இரண்டாம் ஜெர்மன் பதிப்பை 1873இல் டார்வினுக்குக் கையொப்பமிட்டு அனுப்பினார். டார்வின் பணிவாக நன்றி எழுதினார். அப்பிரதி டார்வின் வாழ்ந்த டவுன் இல்லத்தில் இருக்கிறது. அக்கால வழக்கப்படி மடிப்பு பிரிக்காத தாள்களுடன் வந்த நூல் அது. படிப்பவரே கத்தியால் வெட்டிக்கொள்ள வேண்டும். 800 பக்கத்துக்கு மேற்பட்ட நூலில் முதல் 105 பக்கம் வரையே மடிப்பு வெட்டப்பட்டுள்ளது. மார்க்ஸின் மதிப்பு கையெழுத்தில் இருக்கிறது; டார்வினின் பொறுமையின் எல்லை வெட்டாத மடிப்பில் இருக்கிறது. யாரேனும் ஒரு பக்தர் அப்பிரதியை உயர்ந்த தோலில் கட்டி, ஓரங்களை வழவழப்பாக வெட்டிப் பொன்பூசியிருந்தால் என்னவாகியிருக்கும்? பிரதி அழகாகியிருக்கும், இரண்டு மேதைகளுக்கிடையே நடந்தது என்ன என்பது அறியக் கிடைக்காது போயிருக்கும்.

இது வெறும் கற்பனை அச்சமன்று. 1859இன் ருபாயத்துக்கு அதுவே நேர்ந்தது. விலை ஏற ஏறச் செல்வர்கள் அதை மொராக்கோத் தோலில் கட்டினர். கட்டும்போது பழுப்பு உறை பல பிரதிகளில் குப்பைக்குப் போயிற்று. ஆகவே இன்று சேகரிப்பாளர் முதலில் கேட்பது, மேலுறை உண்டா என்பதுதான்.

நம் நாட்டில் செல்வர்க்குப் பதில் நூலகமே இதைச் செய்கிறது. பொன் கிடையாது, காலிகோத் துணிதான். நைந்த நூல்கள் கட்டுகட்டாகப் பைண்டரிடம் போகின்றன. மேலட்டை கிழித்தெறியப்படுகிறது. அடுத்த வெற்றுத்தாளும் போகிறது; 'அன்பு நண்பருக்கு' என்று நூலாசிரியர் எழுதியிருக்கக்கூடிய தாள் அதுதான். பின் மூன்று பக்கமும் வெட்டியந்திரத்தில் ஒரே சீராக வெட்டப்படுகின்றன. நமக்குப் பழக்கமான ஒரு நூலகத்தில் சங்க நூல் பதிப்பு ஒன்று உண்டு. அதன் ஓரமெங்கும் பழைய தமிழாசிரியர் ஒருவர் பென்சிலால் பாடபேதம் குறித்திருக்கிறார். வெட்டியந்திரம் ஒவ்வொரு குறிப்பிலும் பாதியை எடுத்துக்கொண்டது. எந்த ஏட்டிலிருந்து அந்தப் பாடம் என்பதைச் சொல்லும் சொற்கள் எல்லாம் வெட்டப்பட்ட பாதியில் இருந்தன. ஏட்டின் இறுதியில் எழுதியவர் பெயரையும் நாளையும் பொறித்துவைத்த மரபில் வந்த நாம், அச்சு நூலுக்கு அந்த மதிப்பைத் தரவில்லை. பைண்டரைக் குறை சொல்லிப் பயனில்லை. எதைக் காக்க வேண்டும் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை.

கட்டடக் கலைக்கே நாம் பகைவர் அல்லர். சாங்கோர்ஸ்கிக்கும் சட்கிளிஃபுக்கும் தொழில் கற்பித்தவர் டக்ளஸ் காக்கரெல். அவரேதான் 1935இல், சினாய்ச் சுவடி எனப்படும் நான்காம் நூற்றாண்டுக் கிரேக்க விவிலியத்தை, ஒரு மடிப்பும் தையல் துளையும்கூட வீணாகாமல் ஆராய்ந்து குறித்துப் பழுதுபார்த்துக் கட்டினார். ஒரே ஆசிரியரிடமிருந்து வந்த ஒரே ஊசியும் நூலும். ஒன்று மயிலுக்குப் போயிற்று, மற்றொன்று சுவடிக்கு.

மயிலின் கதை கடலோடு முடியவில்லை. சட்கிளிஃபின் மருமகன் ஸ்டான்லி பிரே, மூல வரைபடங்களைக் கண்டெடுத்து 1930களில் இரண்டாவது மகா உமரைக் கட்டினார். பாதுகாப்புக்காக லண்டன் வங்கிப் பெட்டகத்தில் வைத்தனர். போர்க்கால விமானக் குண்டுவீச்சில் தோலும் தாளும் கருகி உருகின, கற்கள் தப்பின. பணி ஓய்வுக்குப் பிறகு முதிய வயதில் பிரே அதே கற்களைக் கொண்டு மூன்றாவதைத் தொடங்கி 1989இல் முடித்தார். அது இப்போது பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளது.