தொம் தொம் பட்: ஒரு தாளம் பிறந்த கதை

இரண்டு முறை காலால் தரையை மிதிக்க வேண்டும். ஒரு முறை கை தட்ட வேண்டும். பிறகு ஒரு கணம் சும்மா இருக்க வேண்டும். தொம், தொம், பட். மறுபடியும் தொம், தொம், பட். எனக்கும் இசைக்கும் வெகுதூரம் என்று ஒதுங்கி நிற்பவர்கூட இதைச் செய்துவிடுவார். கால்பந்து, கிரிக்கெட், கூடைப்பந்து என்று கூட்டம் கூடுகிற மைதானங்களில் எல்லாம் இந்தத் தாளம் எழுகிறது. யார் செய்தது என்று தெரியாமல் தலைமுறை தலைமுறையாக வந்த ஒன்று என்றே பலர் நினைத்திருக்கிறார்கள். ஆனால் இதற்குப் பிறந்த ஊர் உண்டு, பிறந்த மாதம் உண்டு, பெற்றவரும் உண்டு. ஊர், இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட். மாதம், 1977 மே. பெற்றவர், குயின் குழுவின் கிதார் கலைஞர் பிரையன் மே.

இந்தத் தாளத்துக்கு ஏன் தேவை வந்தது என்று தெரிய வேண்டுமானால் இன்னும் பன்னிரண்டு ஆண்டுகள் பின்னால் போக வேண்டும். 1965 ஆகஸ்ட் 15 அன்று நியூயார்க்கின் ஷே ஸ்டேடியத்தில் பீட்டில்ஸ் பாடினார்கள். வந்தவர்கள் ஏறத்தாழ 55,600 பேர். பேஸ்பால் ஆடும் மைதானம் அது. அந்தப் பயணத்துக்கென்றே வாக்ஸ் நிறுவனம் 100 வாட் ஆம்ப்ளிஃபயர்கள் செய்து கொடுத்திருந்தது. குரலோ, ஆட்டத்தின்போது அறிவிப்புச் சொல்லும் ஒலிபெருக்கிகள் வழியாகத்தான் போனது. கூட்டத்தின் அலறல் அத்தனையையும் விழுங்கிவிட்டது. பாடியவர்களுக்கே அவர்கள் பாட்டு கேட்கவில்லை. முன்னால் நிற்பவர்களின் உடலசைவைப் பார்த்துத்தான் பாட்டு எந்த இடத்தில் போகிறது என்று ஊகித்ததாக டிரம்ஸ் வாசித்த ரிங்கோ ஸ்டார் பின்னாளில் சொன்னார். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் சான் பிரான்சிஸ்கோவோடு அவர்கள் கச்சேரிப் பயணத்தையே நிறுத்திவிட்டார்கள்.

மைதான ராக் இப்படித்தான் பிறந்தது: ஆட்கள் வந்துவிட்டார்கள், பாட்டு அவர்களிடம் போய்ச் சேரவில்லை. எழுபதுகளில் ஒலிபெருக்கிகள் மலைபோல உயர்ந்தன. பாட்டு கடைசி வரிசைவரை போனது. அதோடு இன்னொரு பழக்கமும் வந்தது. கூட்டம் அமைதியாக நின்று கேட்க வேண்டும், நடுவில் புகுந்து பாடக் கூடாது. சேர்ந்து பாடுவது அன்றைய ராக் குழுக்கள் பலவற்றுக்குத் தொந்தரவாகவே பட்டது. குயினும் தொடக்கத்தில் அப்படித்தான் எண்ணியது.

1970இல் லண்டனில் உருவான குழு அது. பாடகர் ஃப்ரெடி மெர்குரி சான்சிபாரில் ஒரு பார்சிக் குடும்பத்தில் பிறந்தவர். இயற்பெயர் ஃபரோக் பல்சாரா. மகாராஷ்டிரத்தின் பஞ்ச்கனியில் விடுதிப் பள்ளியில் படித்தபோதே ‘ஹெக்டிக்ஸ்’ என்ற மாணவர் குழுவில் பியானோ வாசித்தவர். டிரம்ஸ் ரோஜர் டெய்லர், பேஸ் கிதார் ஜான் டீக்கன். பிரையன் மே லண்டன் இம்பீரியல் கல்லூரியில் வான் இயற்பியல் ஆய்வு மாணவர். சிறுவயதில் தந்தையோடு சேர்ந்து வீட்டிலேயே செய்த கிதாரைத்தான் அவர் இன்றுவரை வாசிக்கிறார். அதன் கழுத்து ஒரு பழைய கணப்படுப்புச் சட்டத்தின் மரம். கம்பிகளை இழுத்துப் பிடிப்பவை பழைய மோட்டார் சைக்கிளின் வால்வு ஸ்பிரிங்குகள். மீட்டுவது ஆறு பென்ஸ் நாணயத்தால். கையில் கிடைத்ததை வைத்து ஒன்றைச் செய்துவிடும் இந்தப் புத்திதான் ஸ்டாஃபோர்டிலும் வேலை செய்தது.

ஸ்டாஃபோர்டின் பிங்லி ஹால் பெரிய கொட்டகை. மாவட்டக் கண்காட்சித் திடலில் இருப்பது. 1977 மே மாதம் ஓர் இரவு அங்கே நிகழ்ச்சி முடிந்து குழு மேடையை விட்டு இறங்கியது. வழக்கமாக இன்னொரு பாட்டு கேட்டுக் கூட்டம் கத்தும். அன்று கத்தவில்லை, பாடியது. ‘யூ வில் நெவர் வாக் அலோன்’ என்ற பாட்டை எல்லோரும் சேர்ந்து மேடையைப் பார்த்துப் பாடினார்கள். 1945இல் ஒரு அமெரிக்க இசை நாடகத்துக்காக எழுதப்பட்ட பாட்டு அது; லிவர்பூல் கால்பந்து ரசிகர்கள் தங்கள் கீதமாக்கிக் கொண்டது. அதே மாதம்தான் லிவர்பூல் அணி முதன்முறையாக ஐரோப்பியக் கோப்பையை வென்றிருந்தது. மேடைக்குப் பின்னால் நின்ற நால்வருக்கும் பேச்சு வரவில்லை என்று பிரையன் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். இவர்களை இனித் தடுத்துப் பயனில்லை, இவர்களுக்கென்றே பாட்டு எழுத வேண்டும் என்று அன்று முடிவானது.

நெருக்கியடித்து நிற்கும் ஒரு கூட்டத்தால் என்னென்ன செய்ய முடியும்? பிரையன் தன்னையே கேட்டுக்கொண்ட கேள்வி இது. நகர இடமில்லை, ஆட இடமில்லை. காலை மிதிக்கலாம், கை தட்டலாம், பாடலாம். இந்த மூன்றை மட்டும் வைத்து ஒரு பாட்டு. மறுநாள் காலை விழித்தபோது அது தலைக்குள் இருந்தது என்கிறார். ‘வீ வில் ராக் யூ’ அப்படி வந்தது. அதே உந்துதலில் ஃப்ரெடி எழுதியது ‘வீ ஆர் த சாம்பியன்ஸ்’.

எனக்கு இந்தத் தாளத்தில் வியப்பாக இருப்பது அதன் சத்தத்தைவிட இடைவெளிதான். ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய ஒன்றரை விநாடி ஆகிறது. கை தட்டு விழுந்ததிலிருந்து அடுத்த மிதிவரை முக்கால் விநாடி கார்வை. ஒலி ஒரு விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகும். முக்கால் விநாடியில் 250 மீட்டர். அதாவது, பெரும்பாலான அரங்குகளில் கடைசி வரிசைக்காரரின் கை தட்டு அந்தக் கார்வைக்குள் வந்து சேர்ந்துவிடும். வேகமான தாளமாக இருந்திருந்தால் முன்வரிசையும் பின்வரிசையும் முட்டிக்கொண்டு வெறும் இரைச்சலாகியிருக்கும். இங்கே பிந்தி வருபவருக்கும் இடம் இருக்கிறது. கூட்டத்துக்காக எழுதிய தாளம் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

பாட்டைப் பதிவு செய்த இடம் லண்டனின் வெசெக்ஸ் ஸ்டூடியோ, ஒரு காலத்தில் தேவாலய மண்டபமாக இருந்த கட்டடம். அங்கே கிடந்த பழைய பலகைகள் மிதிப்பதற்கு வாகாக இருந்தன. டிரம்ஸ் இல்லை, பேஸ் இல்லை. இருந்தவர்கள் எல்லோரும் பலகைமேல் நின்று மிதித்தார்கள், கை தட்டினார்கள். அதைத் திரும்பத் திரும்பப் பதிவு செய்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார்கள். ஆனால் ஒரு கைப்பிடி ஆட்கள் எத்தனை முறை மிதித்தாலும் ஆயிரம் பேராகிவிட மாட்டார்கள். அங்கே இயற்பியல் மாணவர் கைகொடுத்தார். ஒவ்வொரு பதிவையும் சற்றுத் தாமதப்படுத்தி, வெவ்வேறு தூரத்தில் நிற்பவர்களின் சத்தம்போல வரச் செய்தார். அந்தத் தூரங்கள் சமமாக இருந்தால் காதுக்கு அது எதிரொலியாகப் பட்டுவிடும். ஆகவே பகா எண்களின் அடிப்படையில் தூரங்களை வைத்துக்கொண்டார். ஒன்றோடொன்று இசைந்து போகாத எண்கள் என்பதால் எதிரொலி மறைந்து பெருங்கூட்டம் வந்தது. பாட்டு முழுக்கக் காத்திருக்கும் கிதார் கடைசியில்தான் நுழைகிறது. 1977 அக்டோபரில் ‘வீ ஆர் த சாம்பியன்ஸ்’ இசைத்தட்டின் மறுபக்கமாக இந்தப் பாட்டு வெளியானது.

அது பங்க் இசை கொடிகட்டிப் பறந்த ஆண்டு. மேடை அலங்காரமும் ஆடம்பரமும் ராக் இசையை மக்களிடமிருந்து பிரித்துவிட்டன என்பது பங்க்காரர்களின் குற்றச்சாட்டு. அவர்களின் தலைக்குழுவான செக்ஸ் பிஸ்டல்ஸ் அப்போது அதே வெசெக்ஸ் ஸ்டூடியோவில்தான் பதிவு செய்துகொண்டிருந்தது. குற்றச்சாட்டில் நியாயம் இருந்தது என்றே நினைக்கிறேன். ஆனால் பக்கத்து அறையில் அதற்கான பதிலைத்தான் குயின் குழுவினர் பலகைமேல் நின்று மிதித்துக்கொண்டிருந்தார்கள். வாத்தியம் வேண்டாம், பயிற்சி வேண்டாம், காலும் கையும் போதும் என்ற இசையைவிட மக்களுக்கு நெருக்கமானது எது?

மேடைக்கலை என்றால் பளபள உடை, புகை, வெளிச்சம் என்று நாம் எண்ணுகிறோம். குயினிடம் அவையெல்லாம் ஏராளமாக இருந்தன. அடித்தண்டு இல்லாத மைக் கம்பியைச் சுழற்றிக்கொண்டு ஃப்ரெடி நடக்கும் நடையை மறக்க முடியாது. ஆனாலும் அவருடைய உண்மையான வித்தை வேறு. பஜனையில் பாகவதர் ஓரடி எடுத்துக் கொடுக்க, கூட்டம் அதை வாங்கிப் பாடுமே, அதை ஒரு லட்சம் பேரோடு செய்தவர் அவர். 1981 மார்ச்சில் பிரேசிலின் சாவ் பாவ்லோ நகரில் 1,31,000 பேர் கூடினார்கள். ‘லவ் ஆஃப் மை லைஃப்’ பாட்டை ஆங்கிலம் தாய்மொழி இல்லாத அந்தக் கூட்டமே பாட, ஃப்ரெடி நின்று கேட்டார்.

1985 ஜூலை 13 அன்று வெம்ப்ளியில் நடந்த லைவ் எயிட் எல்லோருக்கும் தெரிந்தது. எத்தியோப்பியப் பஞ்ச நிவாரணத்துக்கான விழா. அரங்கில் சுமார் 72,000 பேர். குயினுக்காக மட்டும் வந்த கூட்டம் இல்லை, பல குழுக்கள் பாடிய நாள். லண்டனில் ஷா தியேட்டரை எடுத்துக்கொண்டு, கிடைத்த சுமார் இருபது நிமிடத்துக்காக நாள்கணக்கில் ஒத்திகை பார்த்துவிட்டு வந்தார்கள். பகல் வெளிச்சத்தில், விளக்கு வித்தை எதுவும் பலிக்காத நேரத்தில், ஃப்ரெடி ஒரு ஆலாபனையை வீச அரங்கம் முழுவதும் திருப்பி வீசியது. ‘ரேடியோ காகா’ பாட்டுக்கு அத்தனை கைகளும் ஒன்றாக உயர்ந்தன. ஸ்டாஃபோர்டில் கற்ற பாடம் அங்கே முழுமையானது.

ஃப்ரெடி 1991 நவம்பர் 24 அன்று மறைந்தார். டீக்கன் பின்னர் மேடையை விட்டு விலகிக்கொண்டார். எஞ்சிய இருவரும் ஆடம் லாம்பர்ட் என்ற அமெரிக்கப் பாடகருடன் சேர்ந்து நடத்திய நிகழ்ச்சியை லண்டனின் ஓ2 அரங்கில், மேல்தட்டில் உட்கார்ந்து பார்த்தேன். 2022 ஜூன் மாதம். பிரையனுக்கு 74 வயது, ரோஜருக்கு 72. பிரையனுக்கு மாரடைப்பு வந்து இரண்டு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. வெள்ளை முடியோடு ஒற்றை ஆளாக ஒரு கிதாரை வைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்தார். ‘லவ் ஆஃப் மை லைஃப்’ பாட்டைத் தொடங்கியவர் சட்டென்று கூட்டத்திடம் விட்டுவிட்டார். பாட்டின் முடிவில் திரையில் ஃப்ரெடி வந்தார். அவருக்குப் பக்கத்தில் இருப்பதுபோல் பிரையன் நிமிர்ந்து பார்த்தார். பல்லாயிரம் பேரின் நடுவே அந்த முதியவர் தன் நண்பனை மட்டும் பார்த்தார். அதற்கு ஆயிரம் முறை பழகிய கை வேண்டும், பழகியும் மரத்துப்போகாத மனமும் வேண்டும்.

கடைசியில், 1986 வெம்ப்ளிக் கச்சேரியின் படத்தில் ஃப்ரெடி ஆலாபனை எடுக்க, எங்கள் அரங்கம் பதில் பாடியது. அடுத்தது தொம், தொம், பட். எதிர்ப்பக்கத்துக் கை தட்டு ஒரு நூலளவு பிந்தி வந்து கார்வைக்குள் விழுவதைக் கேட்க முடிந்தது. அதே மாதம் அரச விழாவுக்காக எடுத்த ஒரு குறும்படத்தில் எலிசபெத் அரசியும் கதைகளில் வரும் பேடிங்டன் கரடியும் தேநீர்க் கோப்பையில் கரண்டியால் இந்தத் தாளத்தைத்தான் தட்டினார்கள். அரண்மனை முன் மேடையில் குயின் அதைத் தொடர்ந்து வாசித்தது.

அந்தப் பாட்டின் மூன்று சரணங்களில் முதலாவது சிறுவனைப் பற்றியது, இரண்டாவது இளைஞனைப் பற்றியது, மூன்றாவது கிழவனைப் பற்றியது. எழுதியபோது பிரையன் முப்பதைத் தொடவில்லை. இன்று அந்த மூன்றாம் சரணத்தின் வயதில் நின்று அதே கிதாரால், அதே வகை நாணயத்தால் அதை வாசிக்கிறார். இடையில் விட்ட ஆய்வையும் 2007இல் முடித்து முனைவர் பட்டம் வாங்கிவிட்டார்.

மூத்த கலைஞர்கள் யாராவது உங்கள் ஊர்ப் பக்கம் வந்தால், குரல் பழைய உயரத்துக்கு ஏறுமா என்று கணக்குப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருந்துவிடாதீர்கள். அவர்கள் மேடையில் இருக்கும்போதே போய்ப் பாருங்கள். கூச்சப்படாமல் கை தட்டுங்கள். உங்களுக்கும் அதில் ஒரு பங்கு எழுதி வைக்கப்பட்டிருக்கிறது.