வீட்டில் விறகு அறுக்க, பிளக்கப் பாதுகாப்பான கருவிகள்: எதை வாங்கலாம், எதைத் தவிர்க்கலாம்?

புதுடெல்லி: சமையல் எரிவாயு நாட்டின் பெரும்பாலான ஊர்களை எட்டிவிட்ட போதிலும், விறகின் தேவை இன்னும் முடிந்துவிடவில்லை. 2019-21ஆம் ஆண்டுகளில் நடத்தப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, சமையலுக்குத் தூய எரிபொருளைப் பயன்படுத்தும் குடும்பங்கள் 58.6 சதவீதம். ஊரகப் பகுதிகளில் இது 43.2 சதவீதம் மட்டுமே. எஞ்சிய குடும்பங்களில் பெரும்பாலானவை விறகையும் வறட்டியையும் பயிர்க்கழிவையும் நம்பியுள்ளன. காஷ்மீரின் 'புகாரி' அடுப்பு, இமாச்சலப் பிரதேசம், உத்தராகண்ட் மலை வீடுகளின் குளிர்கால அடுப்பு, வடகிழக்கு மாநிலங்களின் சமையலறைக் கணப்பு, நீலகிரி, கொடைக்கானல் வீடுகளின் வெந்நீர் அடுப்பு என எரிவாயு இணைப்பு உள்ள இல்லங்களிலும் விறகு எரிகிறது.

இந்த விறகை அறுத்துப் பிளக்கும் வேலை பெரும்பாலும் வீட்டு முற்றத்திலேயே, வீட்டில் உள்ளவர்களாலேயே செய்யப்படுகிறது. முன்பு கோடரியும் ரம்பமும் மட்டுமே இருந்த இடத்தில், இன்று இணையக் கடைகள் மூலம் பெட்ரோல் ரம்பம், பேட்டரி ரம்பம், இயந்திரத்தில் பொருத்தும் பல்வட்டு எனப் பலவும் எளிதில் கிடைக்கின்றன. தொழிற்கூடங்களில் பயிற்சி பெற்றவர்கள் கையாளும் இக்கருவிகள், பயிற்சியோ காப்பணியோ இல்லாதவர்களின் கைகளுக்கு வந்து சேர்வதே கவலைக்குரியது. ஒரு நொடித் தவறு விரலையோ கண்ணையோ பறித்துவிடும். எனவே, எந்தக் கருவி வேகமாக வெட்டும் என்பதைவிட, நம் வீட்டின் தேவைக்கு எந்தக் கருவி போதும் என்ற கேள்வியே முதலில் எழ வேண்டும்.

அறுப்பது வேறு, பிளப்பது வேறு

விறகு வேலையில் இரண்டு கட்டங்கள் உள்ளன. நீண்ட மரத்தைக் குறுக்கே அறுத்து, அடுப்பின் அளவுக்கு ஏற்ற கட்டைகளாக்குவது முதற்கட்டம். அக்கட்டைகளை நார்ப்போக்கில் நெடுக்காகப் பிளப்பது இரண்டாம் கட்டம். குறுக்கே அறுக்க ரம்பமும், நெடுக்கே பிளக்கக் கோடரியும் ஆப்பும் உரியவை. கோடரியால் குறுக்கே கொத்தும்போது சில்லுகள் தெறிக்கின்றன. கோடரி வழுக்கிக் காலில் விழும் வாய்ப்பும் கூடுகிறது. இயந்திர ரம்பத்தால் நெடுக்கே கிழிக்க முயன்றால் சங்கிலி சிக்கிக்கொள்ளும்.

வாங்கும் முன் விறகை அளவிட வேண்டும். மணிக்கட்டு அளவுள்ள சுள்ளிகளுக்கு அரிவாளோ மடக்கு ரம்பமோ போதும். 5 முதல் 20 சென்டிமீட்டர் வரை குறுக்களவு கொண்ட கிளைகளுக்குக் கைரம்பம் பொருந்தும். அதைவிடப் பருத்த மரங்கள், அதுவும் ஆண்டுதோறும் டன் கணக்கில் வந்து சேர்ந்தால் மட்டுமே இயந்திர ரம்பத்தைப் பற்றி யோசிக்கலாம். ஆண்டுக்கு ஓரிரு நாள் மட்டுமே இத்தகைய வேலை இருக்குமானால், பயிற்சி பெற்ற மரம் அறுப்பவரை அழைத்து அறுத்துக்கொண்டு, பிளக்கும் வேலையை மட்டும் வீட்டில் செய்வது பாதுகாப்பானது.

கைரம்பம்

வீட்டு விறகுக்கு ஏற்றது, வில்போல் வளைந்த இரும்புச் சட்டத்தில் இழுத்துப் பூட்டப்பட்ட ரம்பமாகும். 21, 24, 30 அங்குல அளவுகளில் இது கிடைக்கிறது. தச்சர் பயன்படுத்தும் நுண்பல் ரம்பம் பச்சை மரத்தில் தூள் அடைத்துச் சிக்கிக்கொள்ளும். வில்ரம்பத்திலும் இருவகை அலகுகள் உண்டு. கூரிய பற்களுக்கிடையே தூளை வாரி வெளியேற்றும் அகன்ற பற்கள் கொண்டது பச்சை மரத்துக்கு. ஒரே சீரான முக்கோணப் பற்கள் கொண்டது காய்ந்த மரத்துக்கு. மரத்துக்குப் பொருந்தாத அலகைப் பூட்டினால், அழுத்தி அறுக்க நேர்ந்து கை நழுவும்.

கைரம்பக் காயங்கள் பெரும்பாலும் அறுப்பைத் தொடங்கும்போதுதான் ஏற்படுகின்றன. பல் பதியும் முன் ரம்பம் துள்ளி, மரத்தைப் பிடித்திருக்கும் மற்றொரு கையில் ஏறுகிறது. பெருக்கல் குறி வடிவில் கட்டைகளைக் கோத்துச் செய்த தாங்கு சட்டம் இருந்தால், மரத்தைக் கையாலோ காலாலோ அழுத்திப் பிடிக்க வேண்டியதில்லை. ரம்பத்துடன் இந்தச் சட்டத்தையும் சேர்த்துத் தயார் செய்துகொள்வது நல்லது.

கோடரி, ஆப்பு, சம்மட்டி

மரம் வெட்டும் கோடரி மெல்லிய அலகு கொண்டது. அதனால் கட்டையைப் பிளக்க முயன்றால் உள்ளே சிக்கிக்கொள்ளும். பிளக்கும் கோடரியின் தலை ஆப்பு வடிவில் பருத்திருக்கும். ஒன்றரை முதல் இரண்டரை கிலோ வரை தலை எடை கொண்டது பெரும்பாலானோருக்குப் போதும். எடை கூடினால் வேலை குறையும் என்பது பாதி உண்மையே. கை சோர்ந்த பிறகு வீசும் வீச்சுதான் குறி தவறுகிறது. பல வீடுகளில் விறகு பிளப்பவர்கள் பெண்கள் என்பதால், குடும்பத் தலைவரின் உடல்வலுவை அளவுகோலாகக் கொள்ளாமல், அன்றாடம் அதைப் பயன்படுத்துபவரைக் கொண்டே எடையையும் காம்பின் நீளத்தையும் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கோடரி வாங்கும்போது காம்பைக் கவனிப்பது இன்றியமையாதது. நேரான நார்ப்போக்கு கொண்ட, முடிச்சு இல்லாத மரத்தால் காம்பு ஆகியிருக்க வேண்டும். தலைக்குள் காம்பு முழுமையாக ஏறி, மேற்புறத்தில் ஆப்பு இறுக்கப்பட்டிருக்க வேண்டும். ஆடும் தலையைத் தண்ணீரில் ஊறவைத்து இறுக்குவது பலரது வழக்கம். ஆனால் மரம் காய்ந்ததும் தலை மீண்டும் தளரும். வீசும்போது கழன்று பறந்தால் எதிரில் நிற்பவரின் உயிருக்கே ஆபத்து. அத்தகைய காம்பை மாற்றிவிடுவதே தீர்வு.

முறுக்கிய நார் கொண்ட புளி, முடிச்சு மிகுந்த ஓக் போன்ற கட்டைகளுக்கு இரும்பு ஆப்பும் சம்மட்டியும் தேவைப்படும். அடிபட்டு அடிபட்டு ஆப்பின் தலை காளான்போல் விரிந்திருந்தால், அதன் விளிம்பு துண்டாகித் தோட்டாவைப் போலத் தெறிக்கும். விரிந்த விளிம்பைப் பட்டறையில் அராவி நீக்கிய பின்பே அதைப் பயன்படுத்த வேண்டும். சாதாரணக் கோடரியின் பின்புறத்தால் இரும்பு ஆப்பை அடிப்பதும் கூடாது. கோடரியின் கண் விரிசல்விடும்.

பிளக்கும் கட்டையை வெறுந்தரையில் வைக்காமல், 30 முதல் 40 சென்டிமீட்டர் உயரமுள்ள அகன்ற அடிக்கட்டையின் மீது நிறுத்த வேண்டும். குறி தவறினாலும் கோடரி காலுக்கு வராமல் அடிக்கட்டையில் பதியும். அடிக்கட்டையின் மேல் பழைய கார் டயர் ஒன்றைப் பொருத்தி, அதற்குள் கட்டைகளை நிறுத்திப் பிளந்தால் துண்டுகள் சிதறுவதில்லை. சிறு துண்டுகளைக் கையால் பிடித்துக்கொண்டு பிளக்கும் பழக்கத்துக்கும் தேவை இராது.

இயந்திர ரம்பம்: மின்சாரம், பேட்டரி, பெட்ரோல்

முழு வேகத்தில் இயங்கும் சங்கிலி ரம்பத்தின் பற்கள் நொடிக்கு ஏறத்தாழ 20 மீட்டர், அதாவது மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகின்றன. இதன் தனிப்பெரும் ஆபத்து 'பின்னுதைப்பு' ஆகும். சங்கிலி சுற்றும் தகட்டின் நுனியில் மேற்பகுதி மரத்திலோ வேறு கட்டையிலோ பட்டால், ரம்பம் மேல்நோக்கி எகிறிப் பயன்படுத்துபவரின் முகத்தையும் கழுத்தையும் நோக்கித் திரும்பும். மனிதர் சுதாரிக்கும் நேரத்துக்குள் அது நிகழ்ந்து முடிந்துவிடும். இதனால் சில அம்சங்களை விலையை முன்னிட்டு விட்டுக்கொடுக்க இயலாது.

முன்கைப்பிடிக்கு முன்னால் கைக்காப்புடன் கூடிய சங்கிலித் தடை. எதிர்பாராமல் விசை அழுந்துவதைத் தடுக்கும் பூட்டு. அறுந்த சங்கிலியைப் பிடிக்கும் கொக்கி. பின்னுதைப்பைக் குறைக்கும் வகையிலான சங்கிலி. எளிதில் எட்டும் நிறுத்தும் விசை ஆகியவையே அவை. இவற்றுள் ஒன்று இல்லாத இயந்திரத்தையும் வாங்க வேண்டாம். தகட்டின் நீளம், வழக்கமாக அறுக்கும் மரத்தின் பருமனைவிட ஐந்து சென்டிமீட்டர் கூடுதலாக இருந்தால் போதும். வீட்டுத் தேவைக்கு 12 முதல் 16 அங்குலம் வரை சரியானது.

மின்சார ரம்பம் எடை குறைந்தது, புகையற்றது. ஆயினும் 2,000 வாட் இயந்திரம் ஏறத்தாழ 9 ஆம்பியர் மின்னோட்டத்தை இழுக்கும் என்பதால், 6 ஆம்பியர் சாதாரணப் பிளக் அதற்குப் போதாது. 16 ஆம்பியர் இணைப்பு வேண்டும். 30 மில்லி ஆம்பியர் அளவிலான மின்கசிவுத் தடுப்பான் (ஆர்சிசிபி) பொருத்தப்பட்ட இணைப்பிலிருந்தே மின்சாரம் எடுக்க வேண்டும். ஒட்டுப்போட்ட வயரும் ஈரத் தரையும் கூடவே கூடாது.

பெட்ரோல் ரம்பம் வலுவானது. ஆனால் அதிர்வும் இரைச்சலும் மிகுந்தது. பெட்ரோலுடன் எண்ணெய் கலக்கும் விகிதம் தயாரிப்பாளர் குறிப்பிட்டபடியே இருக்க வேண்டும். சூடான இயந்திரத்தில் எரிபொருள் நிரப்புவதும், கொட்டகைக்குள் இயக்குவதும் ஆபத்து. மூடிய இடத்தில் சேரும் கார்பன் மோனாக்சைடு மணமற்றது, உயிரைப் பறிப்பது.

இணையத்தில் பெரிதும் விற்பனையாகும் நான்கு முதல் ஆறு அங்குலச் சிறு பேட்டரி ரம்பங்கள் தோட்டக் கிளைகளுக்கானவை. ஒரு கையால் இயக்கலாம் என்ற வசதியே அவற்றின் ஆபத்தாகவும் உள்ளது. மற்றொரு கை தன்னையறியாமல் கிளையைப் பிடிக்க முன்செல்கிறது. இவற்றுள் பலவற்றில் சங்கிலித் தடை இருப்பதில்லை. விறகுக் கட்டைகளை அறுக்க இவற்றை நம்பக்கூடாது.

பிளக்கும் இயந்திரம்

ஹைட்ராலிக் அழுத்தத்தால் கட்டையை ஆப்பின் மீது தள்ளும் இயந்திரம் மெதுவாக இயங்குவதால் ஒப்பீட்டளவில் பாதுகாப்பானது. இரு கைகளாலும் ஒரே நேரத்தில் விசையை இயக்கினால் மட்டுமே நகரும் வகையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கைகள் இரண்டும் விசையில் இருக்கும்போது ஆப்பின் அருகே செல்ல இயலாது. ஒருவர் விசையைப் பிடிக்க, மற்றவர் கட்டையைப் பிடிப்பது அந்தக் காப்பையே பயனற்றதாக்கிவிடும்.

தவிர்க்க வேண்டியவை

கல், இரும்பு அறுக்கும் கை கிரைண்டரில் மர ரம்பப் பல்வட்டையோ சங்கிலி வட்டையோ பூட்டிப் பயன்படுத்துவது மிகவும் ஆபத்தானது. நான்கு அங்குல கிரைண்டர் நிமிடத்துக்கு 11,000 சுற்றுகளுக்கு மேல் சுழலக்கூடியது. மரத்தில் பல் சிக்கினால் கருவி கையிலிருந்து பிய்த்துக்கொண்டு உடலின் மீது பாயும். காப்பு மூடியைக் கழற்றிவிட்டே பலர் இப்பல்வட்டுகளைப் பொருத்துவது ஆபத்தைப் பன்மடங்காக்குகிறது.

டிராக்டரிலோ மோட்டாரிலோ பெல்ட் மூலம் சுழலும் மூடியற்ற வட்ட ரம்பமும், சுழலும் திருகுக் கூம்பில் கட்டையைக் குத்திப் பிளக்கும் கருவியும் வீட்டு முற்றத்துக்கு உரியவை அல்ல. சேலைத் தலைப்பு, துப்பட்டா, வேட்டி, அவிழ்ந்த கூந்தல் என எதைப் பற்றினாலும் அவை ஆளையே உள்ளிழுத்துவிடும்.

காப்பணியும் விலையின் ஒரு பகுதியே

இயந்திர ரம்பத்துக்குப் பணம் ஒதுக்கும்போது காப்பணிக்கான தொகையையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். அதற்குப் பணம் போதவில்லையெனில் கைரம்பத்தோடு நிற்பதே அறிவுடைமை.

கோடரி, ரம்பம் எதுவாயினும் கண்காப்புக் கண்ணாடியும் கெட்டியான காலணியும் கட்டாயம். செருப்புக் காலுடன் விறகு பிளப்பது நாடெங்கும் காணப்படும் வழக்கம். காயங்களுக்கு அதுவே முதல் அழைப்பு. விரல்முனையில் இரும்பு மூடி கொண்ட காலணிக்கு ஐஎஸ் 15298, கண்காப்புக்கு ஐஎஸ் 5983, தலைக்கவசத்துக்கு ஐஎஸ் 2925 என்பவை இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் தரக் குறியீடுகள். பொருளில் உள்ள ஐஎஸ்ஐ முத்திரையும் உரிம எண்ணும் உண்மையானவையா என்பதை அமைவனத்தின் 'பிஐஎஸ் கேர்' செயலியில் சரிபார்க்கலாம்.

சங்கிலி ரம்பத்துக்கு மேலும் இரண்டு தேவை. ஒன்று காதுக்காப்பு. பெட்ரோல் ரம்பத்தின் இரைச்சல் 100 டெசிபலைத் தாண்டும். அந்த அளவில் காப்பின்றி 15 நிமிடத்துக்கு மேல் இருப்பது செவிக்குக் கேடு. மற்றொன்று, தொடையையும் முழங்காலையும் மூடும் காப்புக் காலுறை. அதனுள் இருக்கும் நீண்ட இழைகள் சங்கிலியில் சுற்றி அதை நிறுத்திவிடும். ஐஎஸ்ஓ 11393 தரக் குறியீட்டில் முதல் வகை நொடிக்கு 20 மீட்டர் சங்கிலி வேகத்துக்குச் சோதிக்கப்பட்டது. சங்கிலி ரம்பத்துக்குப் பிடிமானம் தரும் கையுறை நல்லது. ஆனால் வட்ட ரம்பத்தின் அருகே கையுறை பற்களில் சிக்கிக் கையை இழுத்துவிடும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

மரத்தையும் இடத்தையும் அறிதல்

பழைய கட்டட மரத்தில் ஆணியும், வேலியோர மரத்தில் விழுங்கப்பட்ட கம்பியும் இருக்கக்கூடும். அறுக்கும் முன் தேடிப் பார்க்க வேண்டும். சேங்கொட்டை மரத்தின் பால் தோலைக் கொப்புளமாக்கும். அரளிக் கட்டையின் புகை நச்சுத்தன்மை வாய்ந்தது. இவ்விரண்டும் விறகுக்கு ஆகாதவை. பெரும்பாலான மரங்களை ஈரம் இருக்கும்போதே பிளப்பது எளிது. பிளந்து அடுக்கினால் விரைவில் காயும். ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே இறங்கிய விறகே புகை குறைந்து எரியும்.

வேலை செய்யும் இடம் சமதளமாக, வழுக்காததாக இருக்க வேண்டும். குழந்தைகளும் கால்நடைகளும் ஐந்து மீட்டருக்கு அப்பால் இருக்க வேண்டும். இயந்திர ரம்பத்தைத் தோளுக்கு மேல் உயர்த்தியோ, ஏணியில் நின்றோ, தனியாளாகவோ இயக்கக்கூடாது. காப்புக்காடுகளில் அனுமதியின்றி மரம் வெட்டுவது 1927ஆம் ஆண்டின் இந்திய வனச் சட்டப்படி குற்றம். சொந்த நிலத்து மரத்துக்கும் சில இடங்களில் அனுமதி தேவைப்படுவதால், உள்ளூர் வனத்துறை அலுவலகத்தில் கேட்டறிவது நல்லது.

காயம் நேர்ந்தால்

தூய துணியால் காயத்தை அழுத்திப் பிடித்தபடியே 112 அல்லது 108 எண்ணை அழைக்க வேண்டும். காப்பித்தூள், மஞ்சள், மண்ணெண்ணெய் எதையும் காயத்தில் இடக்கூடாது. விரல் துண்டானால், அதை ஈரத்துணியில் சுற்றிப் பிளாஸ்டிக் பையிலிட்டு மூடி, அந்தப் பையைப் பனிக்கட்டி கலந்த நீரில் வைத்துக் காயமடைந்தவருடன் அனுப்ப வேண்டும். பனிக்கட்டி நேரடியாகத் துண்டின் மீது பட்டால் திசு கெட்டுவிடும். சிறு காயமானாலும் தனுர்வாதத் தடுப்பூசி குறித்து மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

சுருக்கமாக

அடுப்பு விறகு மட்டும் தேவைப்படும் வீட்டுக்கு ஒரு வில்ரம்பம், பிளக்கும் கோடரி, தாங்கு சட்டம், அடிக்கட்டை, கண்ணாடி, காலணி ஆகியவை போதுமானவை. மலைப்பகுதியில் குளிர்காலம் முழுமைக்கும் விறகு சேர்ப்போர், காப்பு அம்சங்கள் அனைத்தும் கொண்ட இயந்திர ரம்பத்தை உரிய காப்பணியுடன், விற்பனையாளரிடம் நேரில் பயிற்சி பெற்று வாங்கலாம். பயிற்சியும் உதிரிபாகமும் தர இயலாத கடையில் இயந்திர ரம்பம் வாங்காமல் இருப்பதே நல்லது.