அழைப்பை வேறு எண்ணுக்குத் திருப்பும் சேவை: இயங்கும் விதமும் மோசடி அபாயமும்

புதுடெல்லி: கைப்பேசிக்கு வரும் அழைப்பைத் தானாகவே வேறோர் எண்ணுக்கு அனுப்பும் 'கால் ஃபார்வர்டிங்' வசதி, தொலைபேசி நிறுவனங்கள் நீண்டகாலமாக வழங்கிவரும் துணைச் சேவைகளுள் ஒன்றாகும். இதே வசதியைப் பயன்படுத்தி மோசடி நடைபெறுவதாக மத்திய தொலைத்தொடர்புத் துறை கடந்த 2024 ஜனவரியில் எச்சரித்தது.

மோசடி நடக்கும் முறை

தொலைபேசி நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவை அலுவலர் எனக் கூறிக்கொண்டு ஒருவர் அழைக்கிறார். சிம் கார்டில் அல்லது நெட்வொர்க்கில் கோளாறு இருப்பதாகவும், அதைச் சரிசெய்ய *401* என்று தொடங்கி, தொடர்ந்து ஒரு கைப்பேசி எண்ணை அழுத்த வேண்டும் என்றும் கூறுகிறார். அவ்வாறு செய்த உடனே, வாடிக்கையாளருக்கு வரும் அழைப்புகள் அனைத்தும் மோசடிக்காரரின் எண்ணுக்குச் செல்லத் தொடங்குகின்றன.

குறுஞ்செய்திகள் இவ்வாறு திரும்புவதில்லை. எனவே, ஓடிபி எண்ணைக் குரல் அழைப்பின் வழியாகப் பெறும் வாய்ப்பை மோசடிக்காரர்கள் தேர்வு செய்கின்றனர். வாட்ஸ்அப் போன்ற செயலிக் கணக்குகள் பறிபோவது இவ்வழியிலேயே. வங்கியிலிருந்து வரும் உறுதிப்படுத்தும் அழைப்பும் உரியவரைச் சென்றடையாது.

நெட்வொர்க்கில் நடப்பது என்ன?

'வோல்டிஇ' முறையில் குரல், இணையத் தரவுப் பொட்டலங்களாகப் பயணிக்கிறது. 2016 செப்டம்பரில் ஜியோ சேவை தொடங்கிய பின்னர் இம்முறை இந்தியாவில் பரவலானது. நிறுவனத்தை மாற்றினாலும் எண்ணைத் தக்கவைத்துக்கொள்ளும் வசதி 2015 ஜூலை 3 முதல் நாடு முழுமைக்கும் விரிவானதால், எண்ணைப் பார்த்து நிறுவனத்தை அறிய இயலாது. தரவுத்தளத்தில் தேடிய பிறகே அழைப்பு உரிய நெட்வொர்க்குக்கு அனுப்பப்படுகிறது.

அங்குள்ள சர்வரில், வாடிக்கையாளர் தேர்ந்தெடுத்த துணைச் சேவைகள் பதிவாகியிருக்கும். எல்லா அழைப்புகளையும் திருப்புமாறு பதிவு இருந்தால், கைப்பேசியில் மணி ஒலிக்காமலேயே அழைப்பு மறு எண்ணுக்குச் சென்றுவிடும். பதிவு கைப்பேசியில் அன்றி நெட்வொர்க்கில் இருப்பதால், கைப்பேசியை அணைத்து இயக்கினாலும், சிம் கார்டை வேறு கருவிக்கு மாற்றினாலும் அது நீங்காது.

அரசின் நடவடிக்கை

யுஎஸ்எஸ்டி எனப்படும் குறியீடுகள் வழியாக அழைப்பைத் திருப்பும் வசதியை 2024 ஏப்ரல் 15 முதல் மறு அறிவிப்பு வரும்வரை நிறுத்துமாறு தொலைத்தொடர்புத் துறை நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது. ஏற்கெனவே பயன்படுத்தி வந்தோர் மாற்று வழிகளில் மீண்டும் பதிவு செய்துகொள்ளலாம் எனவும் அறிவிக்கப்பட்டது. அழைப்பைத் திருப்பும் சேவைக்கு மாற்று வழிகள் உள்ளதால், எச்சரிக்கை இன்னமும் அவசியமாகிறது.

சரிபார்ப்பது எப்படி?

கைப்பேசியின் அழைப்பு அமைப்புகளில் 'கால் ஃபார்வர்டிங்' பகுதியைத் திறந்து பார்க்கலாம். எப்போதும், வேறு அழைப்பில் இருக்கும்போது, பதிலளிக்காதபோது, தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கும்போது என நான்கு நிலைகள் அதில் இருக்கும். 'எப்போதும்' என்பதில் அறியாத எண் இருந்தால் உடனடியாக நீக்க வேண்டும். மற்ற மூன்றில் காணப்படும் எண், தவறிய அழைப்புத் தகவல் சேவைக்காக நிறுவனமே பதிவு செய்ததாகவும் இருக்கலாம். ஐயம் இருப்பின் நிறுவனத்தின் அதிகாரப்பூர்வ சேவை மையத்தில் கேட்டறியலாம்.

பணம் இழந்தோர் தாமதமின்றி 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். பணம் இழக்காவிட்டாலும், சந்தேகத்திற்குரிய அழைப்புகள் குறித்து 'சஞ்சார் சாத்தி' இணையதளத்தின் 'சக்ஷு' பகுதியில் தெரிவிக்கலாம்.