வேண்டாததை ஏற்ற தீவு: நியூயார்க்கின் ஐந்தாவது பகுதி

நியூயார்க் நகரம் பரோ எனப்படும் ஐந்து பகுதிகளால் ஆனது. மன்ஹாட்டன், புரூக்ளின், குயின்ஸ், பிராங்ஸ் ஆகிய நான்கையும் சுரங்க ரயில் பின்னிப் பிணைத்திருக்கிறது. ஐந்தாவதான ஸ்டேட்டன் தீவுக்கு அந்த ரயில் இன்றுவரை வரவில்லை. துறைமுகத்தின் நுழைவாயிலில், நியூஜெர்சி மாநிலத்தை உரசினாற்போல் கிடக்கும் தீவு இது. ஆர்தர் கில், கில் வான் கல் என்ற இரண்டு ஒடுங்கிய நீர்வழிகள் நியூஜெர்சியிலிருந்தும், நேரோஸ் என்னும் ஜலசந்தி புரூக்ளினிலிருந்தும் அதைப் பிரிக்கின்றன. பரப்பில் மன்ஹாட்டனைப் போல இரண்டரை மடங்கு; மக்கள்தொகையில் ஐந்திலும் சிறியது. 2020 கணக்கெடுப்பின்படி 4,95,747 பேர். எல்லை தெரியாதவரிடம் வரைபடத்தைக் காட்டினால் தீவை நியூஜெர்சியோடுதான் சேர்ப்பார்.

லெனாபே பழங்குடியினர் மீன் பிடித்தும் சிப்பி எடுத்தும் வாழ்ந்த நிலம் இது. 1639 முதல் டச்சுக்காரர்கள் இங்கே குடியேற முயன்றார்கள். லெனாபேயருடன் மூண்ட சண்டைகளில் அந்தக் குடியிருப்புகள் ஒவ்வொன்றாக அழிந்தன. 1661இல் அமைந்த குடியிருப்புதான் நிலைத்தது. மூன்றே ஆண்டுகளில் ஆட்சி ஆங்கிலேயர் கைக்கு மாறியது. 1670இல் ஆளுநர் லவ்லேஸ் தீவை லெனாபேயரிடமிருந்து விலைக்கு எழுதி வாங்கினார். அதற்கு முன்பும் இதே தீவு பலமுறை 'விற்கப்பட்டிருந்தது'. நிலத்தை விற்பது என்றால் என்ன என்பதில் இரு தரப்புக்கும் ஒரே கருத்து இருந்ததாகத் தெரியவில்லை.

அமெரிக்க விடுதலைப் போரின்போது, 1776 கோடையில் பிரிட்டிஷ் படை நியூயார்க்கைப் பிடிக்கத் தளமாகத் தேர்ந்தது இந்தத் தீவைத்தான். தீவின் தென்கோடியில், டாட்டன்வில்லில் உள்ள ஒரு கல்வீட்டில் செப்டம்பர் 11 அன்று பிரிட்டிஷ் தரப்பில் ஹவ் பிரபுவும், அமெரிக்கத் தரப்பில் பெஞ்சமின் ஃபிராங்க்ளின், ஜான் ஆடம்ஸ், எட்வர்ட் ரட்லெட்ஜ் ஆகிய மூவரும் சமாதானம் பேசினார்கள். விடுதலைப் பிரகடனத்தைத் திரும்பப் பெற முடியாது என்று மூவரும் சொல்லிவிட, பேச்சு சில மணி நேரத்தில் முறிந்தது. அந்த வீடு இன்றும் நிற்கிறது.

போர் முடிந்தபின் தீவு உழவுக்கும் மீன்பிடிக்கும் திரும்பியது. ஆனால் நகரம் அதற்கு வேறொரு பயனைக் கண்டுபிடித்தது: தனக்கு வேண்டாததை வைக்கும் இடம். 1799இல் தீவின் வடகிழக்குக் கரையில் தொற்றுநோய் மருத்துவமனை திறக்கப்பட்டது. மஞ்சள் காய்ச்சல், பெரியம்மை, டைபஸ் அறிகுறியோடு கப்பலில் வந்த பயணிகளை அங்கே இறக்கினார்கள். நோய் மதிலுக்குள் நிற்கவில்லை. ஊழியர்கள் வழியாகவும் சரக்கு இறக்குவோர் வழியாகவும் ஊருக்குள் பரவியது. மருத்துவமனையை இடம் மாற்றக் கேட்டுத் தீவினர் பல ஆண்டுகள் மனுப் போட்டார்கள். 1858 செப்டம்பர் 1 இரவு உள்ளூர்ச் சுகாதார வாரியத்தின் தீர்மானத்தையே துணையாகக் கொண்டு ஒரு கூட்டம் மதிலை உடைத்து நுழைந்தது. நோயாளிகளைத் தூக்கிவந்து புல்தரையில் கிடத்திவிட்டுக் கட்டடங்களுக்குத் தீ வைத்தது. எஞ்சியதை மறுநாள் இரவு வந்து முடித்தது. கைதானவர்களில் ஊர்ப் பெரிய மனிதர்களும் இருந்தார்கள். நோயிலிருந்து தங்களைக் காத்துக்கொள்ள ஊராருக்கு உரிமை உண்டு என்ற வாதத்தை ஏற்று நீதிபதி அவர்களை விடுவித்தார். நீதிபதியும் தீவுக்காரர் என்பதைச் சேர்த்துப் படிக்க வேண்டும். 1870களின் தொடக்கத்தில் வெளித்துறைமுகத்தில் மண் கொட்டி எழுப்பிய இரண்டு செயற்கைத் தீவுகளுக்கு நோயாளிகளைத் தனிமைப்படுத்தும் பணி போய்ச் சேர்ந்தது.

நகரத்திலிருந்து வந்த எல்லாமே பாரமாக இருந்ததில்லை. முதுமையடைந்த மாலுமிகளுக்காக 1833இல் வடகரையில் திறந்த ஸ்னக் ஹார்பர், கிரேக்கக் கோயில் முகப்போடு வரிசையாக எழுந்த இல்லங்களால் இன்றும் தீவின் அழகிய இடங்களுள் ஒன்று. தீவில் பிறந்த கார்னீலியஸ் வாண்டர்பில்ட் பதின்வயதில் மன்ஹாட்டனுக்குப் படகு ஓட்டத் தொடங்கி, பிற்பாடு கப்பலிலும் ரயிலிலும் அமெரிக்காவின் பெரும் செல்வராக வளர்ந்தார். இத்தாலியிலிருந்து தப்பி வந்த புரட்சியாளர் கரிபால்டி 1850களின் தொடக்கத்தில் இங்கே அந்தோனியோ மியூச்சி என்ற இத்தாலியரின் வீட்டில் தங்கி மெழுகுவர்த்திப் பட்டறையில் வேலை செய்தார்.

தீவின் தொழில்களில் சிப்பி வளர்ப்புக்குத் தனி இடம் உண்டு. நியூயார்க்கில் அடிமைமுறை 1827இல் ஒழிந்தது. மறு ஆண்டே தென்மேற்குப் பகுதியில் கறுப்பின மக்களின் முதல் நிலப்பதிவு நடந்தது. மேரிலாந்தில் கறுப்பினச் சிப்பித் தொழிலாளர்மேல் சட்டங்கள் இறுகியபோது பலர் இங்கே குடிபெயர்ந்தார்கள். இப்படி உருவான ஊர்தான் சாண்டி கிரவுண்ட். செசாபீக் விரிகுடாவிலிருந்து குஞ்சுச் சிப்பிகளைக் கப்பலில் கொண்டுவந்து பிரின்ஸஸ் பே கடல்தரையில் விதைத்து, வளர விட்டு, நீண்ட கைப்பிடி கொண்ட இரட்டை வாரிகளால் அள்ளி மன்ஹாட்டன் சந்தைக்கு அனுப்பினார்கள். சொந்த வீடும் சொந்தத் தேவாலயமும் உள்ள கறுப்பின ஊர் அக்காலத்தில் அபூர்வம். நகரத்தின் சாக்கடையும் ஆலைக் கழிவும் கடலில் கலக்க, சிப்பி உண்டவர்களுக்கு டைபாய்டு வந்தது. 1916இல் சுகாதாரத் துறை சிப்பிப் படுகைகளை மூடியதும் ஊரின் பிழைப்பு போயிற்று. 1963இல் பரவிய தீ வீடுகளில் பலவற்றைக் கொண்டுபோனது.

மேற்குக் கரையும் வடகரையும் ஆலைகளின் கரைகள். டிராவிஸில் 1870களில் தொடங்கிய லினோலியம் ஆலையைச் சுற்றி ஒரு ஊரே எழுந்தது. களிமண் கிடைத்த இடத்தில் செங்கல் சூளைகள், ஸ்டேபிள்டனில் ஜெர்மானியரின் பீர் ஆலைகள், வடமேற்கே 1907 முதல் 1991 வரை ஒரு பெரும் சோப்பு ஆலை என்று தொழில்கள் வந்து போயின.

1898இல் ஐந்து பகுதிகளும் இணைந்து இன்றைய நியூயார்க் உருவானது. அதற்கு நான்கு ஆண்டு முன் நடந்த கருத்து வாக்கெடுப்பில் தீவினர் பெருவாரியாக இணைப்பை ஆதரித்திருந்தார்கள். நல்ல சாலை, துறைமுக வளர்ச்சி, எல்லாவற்றுக்கும் மேலாக ஒழுங்கான படகு வசதி கிடைக்கும் என்பது அவர்கள் கணக்கு. படகு மட்டும் கிடைத்தது. 1901இல் நார்த்ஃபீல்டு என்ற தனியார் படகு மோதி மூழ்கிய பிறகு, 1905இல் நகராட்சியே சேவையை எடுத்துக்கொண்டு பகுதிக்கு ஒன்றாக ஐந்து படகுகளுக்குப் பெயர் சூட்டி விட்டது. கட்டணம் எழுபது ஆண்டுகளுக்கும் மேலாக 5 சென்ட்டிலேயே நின்றது. 1990இல் 50 சென்ட்டாகி, 1997 முதல் இலவசமானது. ஏறக்குறைய 8 கி.மீ. தூரம், 25 நிமிடப் பயணம். சுதந்திர தேவி சிலையைக் காசில்லாமல் பார்க்க வருகிற பயணிகள் செயின்ட் ஜார்ஜில் இறங்கிய கையோடு அடுத்த படகைப் பிடித்துத் திரும்பிவிடுவது தீவினருக்குப் பழகிப்போன அவமதிப்பு.

புரூக்ளினுக்குச் சுரங்க ரயில் பாதை 1923இல் தோண்டத் தொடங்கி இரண்டு ஆண்டில் கைவிடப்பட்டது. 1928இலும் 1931இலும் திறந்த மூன்று பாலங்கள் தீவை நியூஜெர்சியோடு இணைத்தன. தான் சேர்ந்திருக்கும் நகரத்தோடு சாலை இணைப்பு கிடைக்க 1964 நவம்பர் 21 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அன்று திறந்த வெரசானோ தொங்குபாலத்தை வடிவமைத்தவர் ஓத்மர் அம்மான். நடுத்தாவு 1,298 மீட்டர். 1981 வரை உலகில் இதைவிட நீண்டது இல்லை. பூமி வளைந்திருப்பதால் இரு கோபுரங்களின் உச்சிகளுக்கு இடையிலான தூரம் அடிகளுக்கு இடையிலானதைவிட ஏறக்குறைய 4 செ.மீ. அதிகம். 1986 முதல் 2020 வரை பாலத்தில் தீவுக்குள் வரும் திசையில் மட்டுமே சுங்கம் வசூலித்தார்கள். நகரத்துக்குப் போவது இலவசம், வீடு திரும்பத்தான் காசு.

பாலம் தீவை உருமாற்றியது. 1960இல் 2,21,991 ஆக இருந்த மக்கள்தொகை 2000இல் 4,43,728 ஆனது. புரூக்ளினின் நெரிசலை விட்டுக் கொஞ்சம் தோட்டத்தோடு சொந்த வீடு தேடி வந்தவர்களில் இத்தாலிய வம்சாவளியினர் மிகுதி. காய்கறி விளைந்த வயல்களில் ஒட்டி ஒட்டி வீடுகள் முளைத்தன. பெருநகரத்துக்குள் ஒரு புறநகர், அதுவும் குடியரசுக் கட்சிப் பக்கம் சாயும் புறநகர், இப்படித்தான் உருவானது.

வேண்டாததை அனுப்பும் பழக்கமோ நிற்கவில்லை. வில்லோபுரூக் என்ற இடத்தில் அறிவுத்திறன் குறைபாடுள்ள குழந்தைகளுக்காக மாநில அரசு நடத்திய காப்பகத்தில், 4,000 பேருக்கான இடத்தில் 1965 வாக்கில் 6,000 பேர் அடைபட்டிருந்தார்கள். 1972இல் தொலைக்காட்சி அம்பலப்படுத்தியபின் தொடங்கிய வழக்கு, அமெரிக்கா முழுவதும் இத்தகைய காப்பகங்களின் போக்கை மாற்றியது. வில்லோபுரூக் 1987இல் மூடப்பட்டது. மேற்குக் கரையின் சதுப்பு நிலத்தில் 1948இல் குப்பை கொட்டத் தொடங்கினார்கள். சில ஆண்டுகளுக்குத்தான் என்று சொல்லித் திறந்த ஃபிரெஷ் கில்ஸ் 2001 வரை நீடித்தது. 1980களில் உச்சத்தில் ஒரு நாளைக்கு 29,000 டன் குப்பை தோணிகளில் வந்து இறங்கியது; 1991க்குப் பின் நகரத்துக்கு இருந்த ஒரே குப்பைக் கிடங்கு அதுதான். 2001 மார்ச்சில் மூடிய கிடங்கு செப்டம்பரில் மீண்டும் திறந்தது, இடிந்த இரட்டைக் கோபுரங்களின் சிதைவைச் சலித்துத் தேடுவதற்காக. இப்போது குப்பை மேடுகளின்மேல் புல் வளர்கிறது. அடியிலிருந்து மீத்தேன் எடுக்கிறார்கள். கிடங்கை 2,200 ஏக்கர் பூங்காவாக மாற்றி வருகிறார்கள்; அதன் வடபகுதியில் முதல் பாகம் 2023இல் திறந்தது.

இப்படிச் சேர்ந்த தீவினரின் கோபத்தை அரசியலாக்கியது ஒரு தீர்ப்பு. நகரின் பெரிய முடிவுகளை எடுத்துவந்த, ஒவ்வொரு பகுதிக்கும் சமமான வாக்குத் தந்த நகர மதிப்பீட்டு வாரியம் செல்லாது என்று 1989இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. மக்கள்தொகைக்கு ஏற்ற வாக்கு என்ற நெறிப்படி அது சரியே. ஆனால் 51 பேர் கொண்ட நகர மன்றத்தில் தீவுக்கு மிஞ்சியது 3 இடம். 1993 நவம்பரில் நகரத்திலிருந்து பிரிய 65 சதவீதத்தினர் வாக்களித்தார்கள். மாநிலக் கீழவைத் தலைமை, நகராட்சியின் ஒப்புதல் வேண்டும் என்று சொல்லி அதைக் கிடப்பில் போட்டது. அதே தேர்தலில் தீவின் வாக்குகளால் மேயரான ஜூலியானியின் காலத்தில் படகு இலவசமானதும் குப்பைக் கிடங்கு மூடப்பட்டதும் தற்செயல் அல்ல.

இன்றைய தீவு ஒரே முகம் கொண்டதல்ல. வடகரையில் கறுப்பினத்தவர், லத்தீன் அமெரிக்கர், உள்நாட்டுப் போரிலிருந்து வந்த லைபீரியர் வாழ்கிறார்கள். படகுத்துறைக்கு அருகே விக்டரி புலவாரில் இலங்கைக் கடைகள்: கொத்து ரொட்டி, அப்பம், மாசிக் கருவாடு எல்லாம் கிடைக்கும். தென்கரையை 2012இல் சாண்டி புயல் அடித்துப் போட்டது. நகரத்தில் இறந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இந்தத் தீவினர். ஓக்வுட் பீச்சில் மாநில அரசு வீடுகளை விலைக்கு வாங்கி இடித்து நிலத்தைச் சதுப்புக்கே விட்டது. மேற்கே எண்ணெய்த் தொட்டிகள் இருந்த இடத்தில் இப்போது சரக்குக் கிடங்குகள் நிற்கின்றன. அமெரிக்காவில் அமேசான் கிடங்கு ஒன்றில் தொழிற்சங்கம் முதன்முதலாகத் தேர்தலில் வென்றது 2022 ஏப்ரலில் அங்கேதான். அதன் அமைப்பாளர்கள் மாதக்கணக்கில் உறுப்பினர் சேர்த்த இடம், தொழிலாளர் படகுத்துறைக்குப் போக நிற்கும் பேருந்து நிறுத்தம்.