வானொலி நிலையத்திலிருந்து ஆட்சிமன்றத்துக்கு: லியரி கான்ஸ்டன்டைன்

ஸ்காட்லாந்தின் பழமையான பல்கலைக்கழகங்களில், மாணவர்கள் வாக்களித்து மூன்றாண்டுகளுக்குத் தேர்ந்தெடுக்கும் ‘ரெக்டர்’ என்ற பதவி நெடுங்காலமாக இருந்து வருகிறது. பல்கலைக்கழகத்தின் நிதியையும் சொத்தையும் நிர்வாகத்தையும் கவனிக்கும் ஆட்சிமன்றத்துக்குத் தலைமை தாங்கும் உரிமையைச் சட்டமே இவருக்கு வழங்கியிருப்பதால், இதை வெறும் அலங்காரப் பதவி என்று கருத இயலாது. பதினைந்தாம் நூற்றாண்டில் நிறுவப்பட்ட செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் தொழிலதிபர் கார்னெகியும், நாடகாசிரியர் பாரியும், பேரரசின் புகழ் பாடிய கிப்ளிங்கும் வகித்த இப்பதவிக்கு, அடிமைகளாக இருந்தவர்களின் பேரன் ஒருவர் 1967இல் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

லியரி கான்ஸ்டன்டைன் 1901 செப்டம்பர் 21 அன்று டிரினிடாட் தீவில் பிறந்தார். தந்தை லெப்ரன், கோகோ தோட்டமொன்றில் மேற்பார்வையாளராக இருந்துகொண்டே கிரிக்கெட்டில் பெயர் பெற்றவர். 1900ஆம் ஆண்டு இங்கிலாந்துப் பயணத்தில் லார்ட்ஸ் மைதானத்தில் சதம் அடித்தவர். மகனோ 1928இல் அதே மைதானத்தில் மிடில்செக்ஸ் அணிக்கு எதிராக 86, 103 என ஓட்டங்கள் குவித்து, இரண்டாம் இன்னிங்ஸில் ஏழு விக்கெட்டுகளையும் வீழ்த்தித் தனியொருவராக ஆட்டத்தின் போக்கையே மாற்றினார். அவர் ஆடிய டெஸ்ட் ஆட்டங்கள் 18. எடுத்தவை 635 ஓட்டங்களும் 58 விக்கெட்டுகளும். எண்களை மட்டும் வைத்து அவரை அளப்பது பொருந்தாது. களத்தடுப்பில் அவருக்கு நிகரானவர் அக்காலத்தில் இல்லை என்பதே நேரில் கண்டவர்களின் பொதுவான கருத்து.

இங்கிலாந்தின் வடக்கே, நெசவாலைகள் நிறைந்த நெல்சன் என்ற சிறு நகரம் அவருடைய வாழ்வில் பெற்ற இடம் பெரிது. லங்காஷயர் லீக் எனப்படும் போட்டியில், உள்ளூர்க்காரர்களே ஆடும் ஒவ்வொரு சங்கமும் ஊதியம் பெறும் ஒரு தொழில்முறை ஆட்டக்காரரை அமர்த்திக்கொள்வது வழக்கம். அவ்வாறு 1929 முதல் 1937 வரை நெல்சனுக்காக ஆடிய கான்ஸ்டன்டைன், அந்த ஒன்பது பருவங்களில் ஏழில் சங்கத்துக்குப் பட்டம் பெற்றுத் தந்தார். 1932இல் டிரினிடாடிலிருந்து வந்த எழுத்தாளர் சி.எல்.ஆர். ஜேம்ஸ் அவருடைய வீட்டிலேயே தங்கினார். மேற்கிந்தியத் தீவுகளின் தன்னாட்சிக் கோரிக்கையை விளக்கி இருவரும் அவ்வட்டாரக் கூட்டங்களில் பேசினர். அடுத்த ஆண்டு ஜேம்ஸின் துணையோடு கான்ஸ்டன்டைனின் முதல் நூலும் வெளிவந்தது. பின்னாளில் வானொலியில் கேட்ட அவருடைய குரல், நெசவுத் தொழிலாளர்கள் நிறைந்த அந்தச் சிறிய அரங்குகளிலேதான் பண்பட்டது என்று கொள்வதில் தவறில்லை.

இரண்டாம் உலகப்போரின்போது போர்த்தளவாட ஆலைகளில் பணியாற்ற வந்த மேற்கிந்தியத் தொழிலாளர்களின் நலனைக் கவனிக்கும் அதிகாரியாக, தொழிலாளர் அமைச்சகம் அவரை லிவர்பூலில் அமர்த்தியது. அவர்களுடைய வாழ்க்கையைத் தாயகத்துக்கு எடுத்துச் சொல்லும் பொருட்டு பிபிசி வானொலியில் பேசத் தொடங்கியவர், நாளடைவில் பிரிட்டிஷ் நேயர்களுக்கும் அறிமுகமானார். போர் முடிந்தபின் கிரிக்கெட் பற்றிய எழுத்தும் ஒலிபரப்பும் அவருடைய பிழைப்பின் ஒரு பகுதியாயின.

அதற்கு முன், போர்க்காலத்திலேயே, 1943இல் லார்ட்ஸ் ஆட்டம் ஒன்றுக்காக மனைவி மகளுடன் லண்டன் வந்தபோது, நான்கு இரவுகளுக்கு முன்பதிவு செய்திருந்த இம்பீரியல் ஓட்டலில் அவர்கள் ஓர் இரவுக்கு மேல் தங்கக்கூடாது என்று மறுக்கப்பட்டது. அங்கிருந்த அமெரிக்க வெள்ளையர்களின் எதிர்ப்பே அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டது. அன்றைய பிரிட்டனில் நிறப்பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை. ஆயினும், தகுந்த காரணமின்றிப் பயணிக்கு இடம் மறுக்கக்கூடாது என்று விடுதி நடத்துவோர்மீது பழைய பொதுச் சட்டம் சுமத்திய கடமையை ஆதாரமாகக் கொண்டு அவர் வழக்குத் தொடுத்தார். 1944இல் நீதிபதி பர்கெட் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். கிடைத்த இழப்பீடு ஐந்து கினி, அதாவது ஐந்து பவுண்டும் ஐந்து ஷில்லிங்கும் மட்டுமே. தொகை சிறிதானாலும், புகழ்பெற்ற ஒருவருக்கே இந்நிலை என்றால் பெயரறியாத் தொழிலாளியின் கதி என்ன என்ற கேள்வியை அவ்வழக்கு நாடறிய எழுப்பியது. இதுவே அதன் பெரும்பயன்.

ஐம்பது வயதைக் கடந்தபின், 1954இல், அவர் வழக்கறிஞரானார். தாயகம் திரும்பி, அரசியல் தலைவர் எரிக் வில்லியம்ஸின் மக்கள் தேசிய இயக்கம் என்ற கட்சிக்குத் தலைவராகி, 1956 தேர்தலில் வென்று அமைச்சராகவும் இருந்தார். நாடு விடுதலை பெற்ற 1962இல் லண்டனில் அதன் ஹை கமிஷனராக, அதாவது காமன்வெல்த் நாடுகளுக்கிடையேயான தூதராக, விளங்கினார். மறு ஆண்டு பிரிஸ்டல் நகரப் பேருந்து நிறுவனம் கறுப்பினத்தவருக்கு வேலை தர மறுத்து, அதையொட்டிப் புறக்கணிப்புப் போராட்டம் மூண்டபோது, கான்ஸ்டன்டைன் வெளிப்படையாகத் தலையிட்டார். நிறுவனம் பணிந்தது. ஆனால் தூதர் ஒருவர் அயல்நாட்டுப் பூசலில் இறங்கியதை அவருடைய அரசு விரும்பவில்லை. 1964இல் அவர் பதவியை விட்டு விலகினார். ஒரு தூதருக்குரிய அடக்கம் எதிர்பார்க்கப்பட்டது உண்மையே என்றாலும், அவ்வேளையில் அவர் வாய்மூடி இருந்திருந்தால் அதுவரை வாழ்ந்த வாழ்வுக்கே பொருந்தாததாகியிருக்கும்.

பதவியிலிருந்து விலகியவர் மீண்டும் வழக்கறிஞர் தொழிலுக்கும் எழுத்துக்கும் ஒலிபரப்புக்கும் திரும்பினார். 1966இல் இன உறவு வாரியத்தில் இடம் கிடைத்தது. 1967இல் மாணவர்கள் ரெக்டராகத் தேர்ந்தெடுத்தனர். 1968இல், ஒரு காலத்தில் பேச்சாளராக நுழைந்த பிபிசியின் ஆளுநர் குழுவிலேயே உறுப்பினரானார். 1969இல் பிரபுக்கள் சபையின் முதல் கறுப்பின உறுப்பினராகி, டிரினிடாடின் மரவால், லங்காஷயரின் நெல்சன் ஆகிய ஈரூர்ப் பெயர்களையும் தம் பட்டத்தில் சேர்த்துக்கொண்டார்.

இத்தனை பொறுப்புகளும் அவருடைய உடல் தளர்ந்த காலத்தில் வந்தவை. மூச்சுக்குழாய் நோயால் அடிக்கடி படுத்த கான்ஸ்டன்டைனால், மாணவர்கள் எதிர்பார்த்த அளவுக்கு செயின்ட் ஆண்ட்ரூஸுக்குச் செல்ல முடியவில்லை. நிர்வாகி என்ற முறையில் அவர் சாதித்தது குறைவு என்பதை மறைக்க வேண்டியதில்லை. ரெக்டர் பதவிக்காலம் 1970இல் முடிந்தது. 1971 ஜூலை 1 அன்று லண்டனில் காலமான அவருடைய உடல் டிரினிடாடுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, அரசு மரியாதையுடன் அரூகா என்ற ஊரில் அடக்கம் செய்யப்பட்டது. அன்று நாட்டின் மிக உயர்ந்த விருதாக இருந்த டிரினிட்டி கிராஸும் மறைவுக்குப் பின் அவருக்கு வழங்கப்பட்டது.